தண்டையார்பேட்டையின் பெரியம்மைக் கணக்கு

தொத்துநோய் ஆஸ்பத்திரி என்றால் வடசென்னைக்காரர்களுக்குத் தண்டையார்பேட்டைதான். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையே, துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களிலிருந்து காலராவும் அம்மையும் கண்டவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். மற்ற எவரைவிடவும் நினைக்கப்பட வேண்டியவர், இங்கே பணியாற்றிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ்.

பெரியம்மை நோயாளிகளை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார், பார்த்ததை எழுதிவைத்தார். கொப்புளம் எப்படி எழும்பியது, தடுப்பூசித் தழும்பு இருந்ததா, கர்ப்பிணியா, பிழைத்தாரா என்று 6,942 பேரின் விவரம் சேர்ந்தது. தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். தழும்பு உள்ளவர்களில் சுமார் 6 பேர். இரத்தம் கசியும் கொடிய வகை கர்ப்பிணிகளை அதிகம் தாக்குவதும் இந்தக் கட்டில்களருகே தெரியவந்தது. நோயை அவர் வகைபிரித்த முறையை 1972இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

உலகமும் இங்கே தேடி வந்தது. லிவர்பூலின் ஆலன் டௌனி, அமெரிக்காவின் ஹென்றி கெம்ப் ஆகியோர் இங்குள்ளவர்களோடு சேர்ந்து, நோயாளிகளிடமிருந்தும் அவர்களைச் சுற்றியிருந்த காற்றிலிருந்தும் கிருமியைத் தேடினார்கள். நோயாளிகளோடு பழகியவர்களுக்கு மருந்து கொடுத்துக் காக்க முடியுமா என்ற 1963ஆம் ஆண்டுச் சோதனையும் சென்னையில் நடந்ததுதான். முதலில் பெரும் நம்பிக்கை தந்த அந்த மருந்து, பிறகு நடந்த சோதனைகளில் அப்படி நிற்கவில்லை.

என் மனத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது 254 குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. 1968இல் ராவும் தோழர்களும் அதை வெளியிட்டார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால், கூட இருந்த, தடுப்பூசி போடாதவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் நோய் தொற்றியது. போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அக்கம்பக்கம் நடுங்கிக் கிடந்த காலம் அது. ஆனால் ஊரையே கண்டபடி தாவிப் பிடிக்கும் நோயல்ல இது, பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடமே மெல்லப் பரவுவது என்று அந்தக் கணக்கு காட்டியது. அப்படியானால் நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கு உடனே ஊசி போட்டால் சங்கிலியை அறுத்துவிடலாம். இந்தியா முழுவதும் பிறகு கைக்கொண்ட வழியும் அதுவே. 1975 மே மாதத்தோடு நாட்டில் பெரியம்மை முடிந்தது.

ஃபென்னரும் மற்றவர்களும் எழுதி 1988இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பெரியம்மை ஒழிப்பு வரலாற்றில் நோயின் வகைகளைக் காட்டும் அட்டவணை, தண்டையார்பேட்டையில் படுத்திருந்த அந்த 6,942 பேரின் கணக்கில் அமைந்தது. அவர்களில் யார் பெயரும் அதில் இல்லை.