யோசேப்பின் சரிதமும் ஈழத்துத் தமிழும்

கொழும்பு மாநகரின் மருதானைப் பகுதி, பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்ற இடமாகும். 1892ஆம் ஆண்டில் தோன்றிய ஸாஹிராக் கல்லூரியும், 1896ஆம் ஆண்டில் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியும் அங்கே சிறு தொலைவில் அமைந்துள்ளன. சூசை என்று கத்தோலிக்கர் வழங்கும் பெயரையே இஸ்லாமியர் யூசுப் என்பர். புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர் யோசேப்பு என்பர். மூன்றும் ஓர் எபிரேயப் பெயரின் திரிபுகளே. யூசுப் அரபு மொழி வழியாக வந்தது. சூசை போர்த்துக்கேயர் நாவிலிருந்து வந்தது. யோசேப்பு வேதாகம மொழிபெயர்ப்பின் வழியாக வந்தது. ஒரு பெயர் தமிழுக்குள் மூன்று வாயில்களால் புகுந்த வரலாறு இது.

கல்லூரிக்குப் பெயர் தந்தவர் மரியாளின் கணவராகிய சூசையப்பர். அவருக்கும் பன்னூறு ஆண்டுகள் முன்னதாக அப்பெயரைத் தாங்கியவன் யாக்கோபின் மகனாகிய யோசேப்பு. ஆதியாகமத்தின் 37ஆம் அதிகாரத்தில் தொடங்கும் அவன் சரிதம் அந்நூலின் இறுதிவரை செல்கிறது. திருக்குர்ஆனிலும் 12ஆம் அத்தியாயம் முழுவதும் யூசுப் நபியின் வரலாறாகவே அமைந்திருக்கிறது. தந்தையின் தனியன்புக்கு உரியவனாயிருந்த பதினேழு வயது இளைஞனைத் தமையன்மார் அழுக்காறு கொண்டு இருபது வெள்ளிக் காசுக்கு விற்றனர். எகிப்தில் அடிமையான அவன்மீது எசமானின் மனைவி பொய்ப்பழி சுமத்த, அவன் சிறை புகுந்தான். பின்னர் அரசன் கண்ட கனவுக்குப் பொருளுரைத்து, முப்பதாம் வயதில் அந்நாட்டின் அதிகாரியானான். பஞ்சத்தால் வாடித் தானியம் வாங்க வந்த தமையன்மாரைப் பழிவாங்காது மன்னித்தான்.

இந்தச் சரிதத்தைத் தமிழ்ச் செய்யுளிற் பெரும் புராணமாகப் பாடியவர் ஒரு சைவத் துறவி. அதை அவர் உரிமையாக்கியதோ ஒரு கிறிஸ்தவக் குருவுக்கு. அவர்கள் வாழ்ந்த காலத்தை நோக்கினால் இச்செய்தியின் அருமை விளங்கும்.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்களுடைய வர்த்தகக் கும்பனி தன் சீர்திருத்தத் திருச்சபையையே ஆதரித்தது. கத்தோலிக்கக் குருமார் மறைவாகத் தொண்டு செய்ய நேர்ந்தது. சைவ ஆலயங்களும் தடைக்குள்ளாயின. அரசாங்க உத்தியோகம் விரும்பியோர் ஞானஸ்நானம் பெறவேண்டியிருந்தது. வீட்டுக்குள் ஒரு சமயமும் வெளியில் ஒரு சமயமுமாக வாழ்ந்தோர் பலர். சமயம் ஆட்சியின் கருவியாக நின்ற அக்காலத்தில், வேற்றுச் சமயத்தவரை ஐயத்தோடு நோக்குவதே இயல்பாயிருந்தது.

ஆயினும் தமிழ் நூல்கள் தோன்றாமலில்லை. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், 1742ஆம் ஆண்டில் இறக்கும்வரை, சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். வேதாகம வரலாற்றைக் கூறும் ‘தேவ அருள் வேத புராணம்’ அவருடையது. கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து உருகும் ‘வியாகுலப் பிரசங்கம்’ என்பதும் அவருடையதே. ஒல்லாந்தரோ கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவினர். 1737ஆம் ஆண்டில் அதன் முதல் நூல் சிங்களத்தில் வெளிவந்தது. பின்னர்த் தமிழ் நூல்களும் அங்கே அச்சாயின. மருதானைக்கு அணித்தான வொல்வெண்டால் மேட்டில் 1749ஆம் ஆண்டில் அடிக்கல்லிடப்பட்ட ஆலயம் 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாலயம் இன்றும் நிலைத்திருக்கிறது.

அக்காலக் கொழும்பு உருவாக்கிய தமிழறிஞர் பிலிப்பு தெ மெல்லோ. 1723ஆம் ஆண்டில் கொழும்பில் தமிழ்க் குடியொன்றிற் பிறந்த அவர், ஒல்லாந்தரின் குருமடத்திற் பயின்று குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பியருக்கே உரியதெனக் கருதப்பட்ட அப்பதவிக்கு உயர்ந்த முதற் சுதேசியர் அவர். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759ஆம் ஆண்டில் கொழும்பு அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு செய்த மொழிபெயர்ப்பு அதற்கு முன்னரே அச்சேறியிருந்தது. எனினும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் கையால் முழுப் புதிய ஏற்பாடும் இலங்கையில் உருப்பெற்றது ஒரு திருப்பமாகும். பின்னர் அவர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து 1790ஆம் ஆண்டில் மறைந்தார்.

யாழ்ப்பாணத்திலே அவருக்கு நண்பராய் வாய்த்தவர் கூழங்கைத் தம்பிரான். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த தம்பிரான், தமிழகத்து மடமொன்றில் துறவியாயிருந்தவர். வண்ணார்பண்ணையில் வணிகச் செல்வராகிய கோபாலச் செட்டியாரின் ஆதரவிலே தங்கி, அவர் மகன் வைத்திலிங்கச் செட்டியாருக்கு ஆசிரியராய் விளங்கினார். நன்னூலுக்கு அவர் செய்த உரை, இலக்கணத்தில் அவருக்கிருந்த புலமையைக் காட்டுவது. 1795ஆம் ஆண்டில் அவர் வாழ்வு முடிந்தது. சைவ மரபில் ஊன்றி நின்ற அவரே ‘யோசேப்பு புராணம்’ இயற்றியவர். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலில் சைமன் காசிச்செட்டி இதைக் குறித்துள்ளார். அது 21 காண்டங்களில் 1,023 செய்யுள் கொண்டது என்றும், தெ மெல்லோவுக்கு உரிமையாக்கப்பட்டது என்றும் அவர் கூறுகிறார். ஆதியாகமத்தில் பதினான்கு அதிகாரங்களில் அடங்கிய சரிதம், தமிழில் ஆயிரம் செய்யுளைக் கடந்து விரிந்தது.

வேதாகமத்திலே ஆபிரகாம், மோசே, தாவீது போன்ற பெரியோர் வரலாறுகள் பல உண்டு. அவற்றுள் யோசேப்பின் வரலாறே தம்பிரானைக் கவர்ந்ததேன் என்னும் வினா எழுகிறது. தம்பிரானைப் பற்றி வழிவழி வந்த செய்தியொன்று இதற்கு விடை காட்டும். மடத்திலே செய்யாத களவின் பழி தம்மேல் விழ, தம் தூய்மையை நிறுவச் சுடுநெருப்பின் சோதனைக்குக் கையை ஈந்தார் என்றும், அதனால் கை கூழையாயிற்று என்றும் கூறுவர். கூழங்கை என்னும் பெயரும் அவ்வாறே வந்ததென்பர். பொய்ப்பழி சுமந்தவர், பிறந்த நாட்டை விட்டு வந்தவர், அயலிடத்தில் மதிப்புப் பெற்றவர் ஆகிய மூன்றும் அவர் வாழ்விலும் யோசேப்பின் வாழ்விலும் ஒன்றாக அமைந்துள்ளன. தம் கதையையே எபிரேயக் கதையிற் கண்டு அவர் உருகினார் என்று எண்ணுவது பிழையாகாது.

நண்பர் இருவரும் ஒரே நூலை இரு வழிகளால் அணுகினர். தெ மெல்லோவின் கடமை மூலத்தைப் பிறழாது தருவது; ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமையில்லை. தம்பிரானின் கடமை கதையைத் தமிழ்ப் புராண மரபில் நிறுத்துவது; விரித்துரைக்க அவருக்கு உரிமையுண்டு. முன்னது சபைக்கு இன்றியமையாதது. பின்னது சபைக்கு வெளியேயுள்ள தமிழரையும் அழைப்பது. தம்பிரான் மதம் மாறவில்லை. தெ மெல்லோவும் தம் சமயத்திலே தளரவில்லை. சமயம் அவர்களைப் பிரித்தது. தமிழ் அவர்களைச் சேர்த்தது.

இந்நிகழ்ச்சி தனித்து நின்றதன்று. அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத் தமிழாக்கத்திற் பங்கு கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிறிஸ்தவப் பிரசாரத்தைக் கண்டித்து எழுதிய நாவலரே, அவ்வேதம் தமிழிலே பிழையின்றி நிற்கவும் உழைத்தார். எதிர்ப்பும் உழைப்பும் ஒருவரிடத்தே முரணின்றி இருந்தன.

யோசேப்பின் சரிதத்தில் நுட்பமான இடம் ஒன்றுண்டு. எகிப்து அதிகாரியாய் வீற்றிருந்த யோசேப்பு, தமையன்மாரோடு முதலில் துபாஷியைக் கொண்டே பேசினான். தங்கள் பேச்சு அவனுக்கு விளங்காதென்று எண்ணிய அவர்கள், பழைய குற்றத்தைத் தமக்குள்ளே பேசி வருந்தினர். அதைக் கேட்டு அவன் மறைவாக அழுதான். இறுதியில் பிறரையெல்லாம் வெளியே அனுப்பி, இடையில் எவருமின்றித் தன்னை வெளிப்படுத்தினான். அதன்பின்னரே சகோதரர் ஒருவரையொருவர் தழுவினர். துபாஷிகளையும் முதலிமாரையும் இடையில் வைத்தே ஆளப்பட்ட ஒல்லாந்தர் கால இலங்கையில், ஒரு தமிழ்க் குருவும் ஒரு சைவத் தம்பிரானும் துபாஷியின்றி உரையாடினர். அவ்வுரையாடலின் பயனாக, எபிரேய நாட்டு இளைஞன் யாழ்ப்பாணத்திலே தமிழ்ச் செய்யுளிற் பேசினான்.