மரியோ பாட்டு இப்போ வேகமா கேட்குதா? 90ஸ் கிட்ஸ் காதில் தப்பில்லை!

பழைய மரியோ கேம் இசையை யூடியூபில் போட்டால், ‘சின்ன வயசுல கேட்டது இவ்வளவு வேகமா இல்லையே’ என்று தோன்றுகிறதா? நினைவு தடுமாறவில்லை. அன்று வீட்டில் ஒலித்தது உண்மையிலேயே வேறு மாதிரிதான்.

நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் கன்சோலை வெளியிட்டது. இந்தியாவில் 90-களில் பரவலாகப் புழங்கியது அதன் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்கள் பலருக்கும் நினைவிருக்கும்.

சிப் எப்படி ஸ்வரம் பாடுகிறது?

கன்சோல் சிப்புக்குள் நொடிக்கு சுமார் 17.9 லட்சம் முறை துடிக்கும் கடிகாரம் இருக்கிறது. அந்தத் துடிப்பை முதலில் 16-ஆல், பிறகு இன்னொரு எண்ணால் வகுத்தால் ஸ்வரம் வரும். அந்த எண் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். 253 அல்லது 254; நடுவில் எதுவும் கிடையாது.

சில்லறை இல்லாத கடை மாதிரிதான் இது. 254 ரூபாய்க்கு வாங்கினால் எட்டணா போனால் தெரியாது; 27 ரூபாய்க்கு வாங்கினால் உறுத்தும். கீபோர்டில் 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு சிப் தருவது 440.4 ஹெர்ட்ஸ். யார் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பியானோவின் கடைசிக் கட்டையான 4,186 ஹெர்ட்ஸைக் கேட்டால் 4,143 அல்லது 4,302 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். உச்சஸ்தாயியில் சுருதி பிசகுவது இதனால்தான்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் திருவிழாவில் வாசிக்கும் நாகஸ்வர வித்வான், சுருதி இம்மி விலகினாலும் மூச்சாலும் உதட்டாலும் சீவாளியில் சரிசெய்துவிடுவார். சிப்புக்கு அந்த வசதி இல்லை. அதற்கும் முந்தைய அடாரி 2600-ன் நிலைமை இன்னும் மோசம். அதில் வகுக்கக் கிடைத்தவை வெறும் 32 எண்கள். அதில் ஒரு முழு ராகம் ஒழுங்காக வருவதே பெரும்பாடு.

நம்ம ஊர் டிவி செய்த வேலை

ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தன. வில்லியனூரோ, பாகூரோ, இந்தியா முழுக்க இருந்த பிஏஎல் டிவிக்கு அது 50. பெரும்பாலான கேம்களில் திரை ஒருமுறை மாறும்போதுதான் இசையும் ஒரு அடி நகரும். அதனால் 60 நொடிப் பாட்டு, 50 ஹெர்ட்ஸ் டிவியில் ஓட 72 நொடி ஆகும்.

தாளம் மந்தமானது சரி, சுருதி? ஐரோப்பாவில் விற்ற அசல் நிண்டெண்டோவில் சிப் கடிகாரமும் மெதுவாகிவிட்டது. கேமை அதற்கேற்ப மாற்றாவிட்டால் 440 ஹெர்ட்ஸ், 409-க்கு இறங்கிவிடும். ஒரு கட்டைக்கும் மேல் சறுக்கல்! 50 ஹெர்ட்ஸ் டிவிகளுக்காக வந்த நகல்களில் பலவும் இந்தப் பள்ளத்தில் விழவில்லை. அவற்றின் கடிகாரம் கிட்டத்தட்ட ஜப்பான் வேகத்திலேயே ஓடியதால், அதே ஸ்வரம் 436.4 ஹெர்ட்ஸில் ஒலித்தது. அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைவு. சுருதி விஷயத்தில் அசலைவிட நகலே தேவலை.

சில நகல் சிப்களில் ஒலி அலையின் வடிவத்தைத் தேர்வு செய்யும் அமைப்பு இடம் மாறியிருந்தது. அதனால் ஸ்வரம் மாறாது, குரல் மட்டும் மாறும்.

பழைய மெட்டைத் திரும்பக் கேட்க ஆசையா? மொபைல் எமுலேட்டரில் டெண்டி என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். 50 ஹெர்ட்ஸ் நகல்களின் வேகமும் சுருதியும் அதில்தான் கிடைக்கும். பிஏஎல் என்பதைத் தேர்வு செய்தால் ஐரோப்பிய நிண்டெண்டோவின் இறங்கிய சுருதிதான் வரும்.