இறால் ஓடும் முழங்கால் குருத்தெலும்பும்

புதுச்சேரி நகரின் வடபகுதியில் கடலையொட்டியுள்ள மீனவர் குடியிருப்புகளுள் ஒன்று குருசுக்குப்பம். படகைக் கரையேற்றுவதும், வலை இழுப்பதும், குந்தியிருந்து வலையின் கிழிசலைத் தைப்பதும் முழங்காலையே வருத்தும் வேலைகளாதலால், மூட்டுத் தேய்மானம் இத்தகைய கரைகள் நன்கறிந்த துன்பமாகும். அத்தேய்மானத்துக்கு மருத்துவம் தேடிய வரலாறு, அதே கரைகளில் கழிவாக ஒதுக்கப்படும் இறால் ஓட்டையும் வந்தடைந்தது.

எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை; ஆகவே அது சிதைந்தால் தானாக ஆறுவதில்லை. சிதைந்தது மீள்வதில்லை என்பதை இலண்டனில் உடற்கூறியலாளர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே எழுதிவைத்தார். அதன் கட்டுமானப் புரதமான கொலாஜன், மூன்று சுருளிழைகள் இணைந்த அமைப்புடையது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை ஆராய்ந்து வெளியிட்டது, புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்தியாவின் கைக்கு மாறிய அதே 1954-ஆம் ஆண்டில்.

ஓட்டின் கதை இந்தக் கொலாஜன் ஆய்வினும் பழையது. ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்னும் பொருளை அடர்ந்த காரத்தில் கொதிக்கவைத்தால் அது அமிலத்தில் கரையும் தன்மை பெறுகிறது என்று பிரெஞ்சு உடலியலாளர் சார்லஸ் ரூஷே 1859-இல் கண்டறிந்தார். அவ்வாறு மாறிய பொருளே பின்னாளில் கைட்டோசான் எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் இறால் ஏற்றுமதி பெருகித் தலையும் ஓடும் மலையாகக் குவிந்தபோது, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நீர்த்த அமிலத்தால் சுண்ணாம்புச் சத்தையும் நீர்த்த காரத்தால் புரதத்தையும் நீக்கிக் கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறைகளை வகுத்தது. இறால் உரித்த பெண்களின் உழைப்பிலிருந்தே இம்மூலப்பொருள் கிடைத்ததெனினும், அறிவியல் வரலாற்றில் அவர்களைப் பற்றிய பேச்சு அரிது, இது பெருங்குறையே.

கைட்டோசான் மூட்டு மருத்துவத்தை வந்தடைந்தது ஹைட்ரோஜெல் வடிவில். ஹைட்ரோஜெல் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் வலைப்பின்னலுக்குள் நீரைப் பெருமளவில் தேக்கிவைத்திருக்கும் கூழ். குருத்தெலும்பும் பெரும்பகுதி நீராலானது என்பதால் இவ்விரண்டும் இயல்பில் நெருங்கியவை. கைட்டோசான் கரைசலுடன் கிளிசரால் பாஸ்பேட் என்னும் உப்பைச் சேர்த்தால், குளிர்ந்த நிலையில் ஊசிவழிப் பாயும் அத்திரவம் உடற்சூட்டில் கூழாக இறுகும் என்பதைக் கனடாவின் மாண்ட்ரியலில் ஷெனீட் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒழுங்கற்ற பள்ளத்தையும் அதன் வடிவுக்கேற்ப நிரப்பி அங்கேயே உறைவதுதான் இதன் தனிச்சிறப்பு.

எலும்பில் நுண்துளைகளிட்டு மஜ்ஜையின் உயிரணுக்களைக் கசியவிடும் அறுவை முறையுடன், நோயாளியின் இரத்தம் கலந்த இக்கூழையும் சேர்த்துக் கனடா, ஸ்பெயின், தென்கொரியா ஆகிய நாடுகளில் 80 பேரிடம் நடத்திய ஒப்பீட்டின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. ஓராண்டின் பின் கூழ் இட்ட மூட்டுகளில் பள்ளம் கூடுதலாக நிரம்பியிருந்தது, திசுவின் தரமும் உயர்ந்திருந்தது. வலித் தணிவிலோ துளையிடல் மட்டும் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை. சோதிக்கப்பட்டவை யாவும் வரையறுத்த சிறு சிதைவுகள். மூட்டின் பரப்பு முழுவதும் தேய்ந்த முதிய மீனவருக்கு உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டையே மருத்துவம் இன்றும் பரிந்துரைக்கிறது.