சிட்ரோயன் சாக்ஸோ சூப்பர் 1600

சிட்ரோயன் சாக்ஸோ சூப்பர் 1600 என்பது, பிரான்ஸ் தேசத்துச் சிட்ரோயன் நிறுவனம் அன்றாடப் போக்குவரத்துக்கென விற்றுவந்த சாக்ஸோ என்னும் சிறு ஹேட்ச்பேக் காரை ஆதாரமாகக் கொண்டு, அந்நிறுவனத்தின் போட்டிப் பிரிவு உருவாக்கிய முன்சக்கர இயக்க ராலி காராகும். 2001, 2002 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக ராலி சாம்பியன்ஷிப்பைச் சார்ந்த இளம் ஓட்டுநர் பட்டம் இக்காரை ஓட்டியவர்களையே சேர்ந்தது. செபாஸ்தியன் லோப் என்னும் பெரும் ஓட்டுநரை உலகுக்கு அறிமுகம் செய்த சாதனம் என்ற வகையிலும் மோட்டார் விளையாட்டின் சரித்திரத்தில் இதற்கு நிலையான ஸ்தானம் உண்டு.

ஆதாரக் கார்

பாரிஸ் நகரை அடுத்த ஓல்னே-சூ-புவா தொழிற்சாலையில் தயாராகி, 1996 முதல் 2003 வரை விற்பனையில் இருந்த சாக்ஸோ, அதே தொழிற்குழுமத்தைச் சேர்ந்த பெஜோ 106 காரின் அடித்தளத்தைத் தழுவியது. நீளம் ஏறத்தாழ 3.72 மீட்டரே; எஞ்சின் முன்புறத்தில் குறுக்குவாட்டமாக அமைந்து, முன்சக்கரங்களை மட்டுமே சுழற்றியது. இவ்வரிசையில் வேகத்துக்குப் பெயர்பெற்ற வி.டி.எஸ். என்னும் வகை, 1,587 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 16 வால்வுகளும் கொண்ட எஞ்சினிலிருந்து 120 குதிரைத்திறனைத் தந்தது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள காருக்கு இச்சக்தி தாராளமானது. ஆகவே தனியார் ராலிக்காரர்கள் பலர் இதை விரும்பிப் போட்டிகளில் பிரயோகித்தனர்.

பிரிவு தோன்றிய காரணம்

1990-களின் பிற்பகுதியில், இரண்டு லிட்டர் எஞ்சின் பொருத்திய முன்சக்கர இயக்கக் கார்கள் தார்ச் சாலைகளில் நான்குசக்கர இயக்க உலக ராலி கார்களையே முந்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. 1999-ல் பிலிப் புகல்ஸ்கி இவ்வகைக் காரான சிட்ரோயன் க்ஸாரா கிட் காரில் கட்டலோனியா, கார்சிகா ஆகிய இரு ராலிகளிலும் ஒட்டுமொத்த முதலிடம் பெற்றது இதற்குச் சிறந்த நிதர்சனம். எனினும் அத்தகைய கார்களைத் தயாரிக்கும் செலவு இளைஞர்களுக்கு எட்டாததாக இருந்தமையால், டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட சூப்பர் 1600 என்னும் பிரிவு சர்வதேசப் போட்டிகளில் இடம்பெற்றது.

அமைப்பு

போட்டிக் காராக மாறுகையில் உள்ளலங்காரங்கள் யாவும் அகற்றப்பட்டு, வெற்றுக் கூட்டினுள் எஃகுக் குழாய்களாலான பாதுகாப்புக் கூண்டு பற்றவைக்கப்பட்டது; சக்கரங்களுக்கிடையே அகலம் கூடியதால் மட்கார்டுகள் புடைத்து அகன்றன. எஞ்சினின் சக்தி 200 குதிரைத்திறனைக் கடந்தது. ஆனால் அச்சக்தி மிகுந்த சுழற்சி வேகத்தில் மட்டுமே கிட்டுமாதலால், அவ்வேகத்தைக் காட்டும் முள் கீழிறங்க இடங்கொடாமல் கியர்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மாற்றும் பொருட்டு ஆறு வேகத் தொடர்முறைக் கியர் பெட்டி அவசியமாயிற்று. சரளைச் சாலைக்கு உயர்ந்த ஸஸ்பென்ஷனும், தார்ச் சாலைக்குத் தாழ்ந்து இறுகிய ஸஸ்பென்ஷனும் பெரிய விட்டமுள்ள சக்கரங்களும் பொருத்தப்பட்டன.

ஓட்டும் முறை

திருப்புதல், இழுத்தல் ஆகிய இரண்டு வேலைகளையும் முன்சக்கரங்களே சுமப்பது இவ்வகைக் கார்களின் சுபாவமான இடர்ப்பாடு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் காரின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், இழுக்கவேண்டிய சக்கரங்கள் பிடிப்பு இழக்கின்றன. வளைவில் வேகம் மிகுந்தாலோ, முன்பகுதி திரும்ப மறுத்து வெளிப்புறமாக விலகுகிறது. முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் வீணே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் முதற்குறையை ஓரளவு தீர்க்க, இரண்டாவதை ஓட்டுநரின் சாமர்த்தியமே தீர்க்கவேண்டியிருந்தது. வலக்கால் ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்தியிருக்க, இடக்கால் பிரேக்கை மெல்லத் தொடும். அக்கணத்தில் பாரம் முன்னுக்கு வர, லேசாகிப்போன பின்பகுதி வெளியே வழுக்கிக் காரின் முகத்தை வளைவின் உட்பக்கம் திருப்பும். எஞ்சினோ முன்சக்கரங்களை இழுத்துக்கொண்டேயிருக்கும். கொண்டையூசி வளைவுகளில் கைபிரேக் இதே காரியத்தை இன்னும் துரிதமாக முடித்தது. வளைவுக்குள் இழந்த வேகத்தை மீட்கப் போதிய சக்தி இல்லாமையால், வேகத்தை இழக்காமல் காப்பதே இக்காரில் தலையாய வித்தையாயிற்று.

போட்டி வரலாறு

பிரான்ஸின் அல்ஸாஸ் பகுதியில் ஜிம்னாஸ்டிக் வீரராக வளர்ந்த லோப், சாக்ஸோக்களுக்கென்றே நடந்த போட்டித் தொடரை 1999-ல் வென்று, மொனாக்கோவைச் சேர்ந்த வழிகாட்டி டானியேல் எலேனாவுடன் 2001-ல் சூப்பர் 1600 பிரிவில் இறங்கினார். அவ்வாண்டு அப்பிரிவுக்குரிய ஆறு ராலிகளில் அவர் சாக்ஸோவை ஓட்டிய கட்டலோனியா, கிரீஸ், பின்லாந்து, கார்சிகா, பிரிட்டன் ஆகிய ஐந்திலும் பிரிவின் வெற்றி அவருடையதே; இளையோர் பட்டமும் அவரையே சேர்ந்தது. தார், கரடுமுரடான கல்வழி, பின்லாந்தின் அதிவேகச் சரளை, பிரிட்டனின் சேற்றுக் காட்டுப்பாதை என ஒன்றுக்கொன்று பகையான தரைகள் அனைத்திலும் ஒரே கார் சோபித்தது அதன் வடிவமைப்பின் உறுதிக்குச் சான்று. எஞ்சிய சான் ரெமோ ராலியில் க்ஸாரா உலக ராலி காரை ஓட்டிய அவர், ஒட்டுமொத்தத்தில் இரண்டாமிடம் பெற்று வியப்பூட்டினார். மறு ஆண்டில் ஸ்பெயினின் டானி சோலா சாக்ஸோவைக் கொண்டே இளையோர் பட்டத்தை அடைந்தார்.

மதிப்பீடு

சாக்ஸோவின் இடத்தைப் பின்னர் சி2 காரின் சூப்பர் 1600 வடிவம் ஏற்றது; அதில் 2005-ல் டானி சோர்டோவும், 2008-ல் செபாஸ்தியன் ஓஜியேவும், 2009-ல் மார்ட்டின் புரோக்கோப்பும் இளையோர் பட்டம் பெற்றனர். லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ச்சியாக ஒன்பது முறை உலகச் சாம்பியனானார். ஓஜியேவும் பின்னர் அப்பட்டத்தைப் பன்முறை சூடினார். சக்தி நிறைந்த கார் ஓட்டுநரின் பிழையை அடுத்த நேர்வழியிலேயே மறைத்துவிடும். சாக்ஸோ அவ்வாறு மறைக்கவில்லை. ஒவ்வொரு பிழைக்கும் உரிய விநாடிகளைத் தவறாமல் கழித்துக்கொண்ட அக்கண்டிப்பே இச்சிறு காரை இளம் ஓட்டுநர்களுக்கு உகந்த ஆசானாக்கியது.