தூரத்துக்கும் ஒரு கணக்கு: வட மாகாணச் சுகாதார சேவையின் நிர்வாகமும் நிதியும்

வடக்கில் ஒரு வைத்தியசாலையில் குறை எழும்போதெல்லாம் ஒரு கோரிக்கை தவறாமல் முன்னுக்கு வருகிறது: "இதை மத்திய அரசு பொறுப்பெடுக்கட்டும்." மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் வாக்களித்த மக்களே இதையும் கேட்கிறார்கள். முரண்பாடு என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். ஆனால் 1987இல் உண்மையில் என்ன கைமாறியது என்று பார்த்தால் அந்தக் கோரிக்கையின் நியாயம் விளங்கும். மாகாணத்துக்குக் கிடைத்தவை வைத்தியசாலைக் கட்டடமும் அதனோடு வரும் பழியும். வைத்தியரையும் மருந்தையும் பணத்தையும் தீர்மானிக்கும் கை கொழும்பிலேயே நின்றுவிட்டது. அந்தப் பணமும் ஆளை எண்ணித் தரப்படுகிறதே ஒழிய, தூரத்தை அளந்து தரப்படுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாகாண சபைகளை உருவாக்கிய 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில், மாகாண சபைப் பட்டியலின் 11ஆம் விடயம் சுகாதாரம். போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கென அமைந்தவையும் நீங்கலாக ஏனைய அரச வைத்தியசாலைகளை நடத்துவது, தாய் சேய் நலம், போசாக்கு, உணவுச் சுகாதாரம், மாகாணத்தின் வருடாந்தச் சுகாதாரத் திட்டம் ஆகியன மாகாணத்தின் பொறுப்பு. மருந்துக் கொள்வனவு மட்டும் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. அது சரியான விலக்கு. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் முழுத் தீவுக்கும் சேர்த்துக் கேள்விமனுக் கோரி வாங்கும் விலைக்குக் கிளிநொச்சியால் தனியே வாங்க முடியாது.

வைத்தியர் விடயம் அப்படியல்ல. வைத்திய அதிகாரிகள் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நியமனமும் வருடாந்த இடமாற்றமும் மத்திய சுகாதார அமைச்சின் ஊடாகவே நடக்கின்றன. மாகாணச் சுகாதார சேவைகள் பணிப்பாளரால் வெற்றிடங்களை எண்ணிக் கடிதம் எழுத முடியும். ஒன்றையேனும் தாமாக நிரப்ப முடியாது. ஒதுக்குப்புற ஊருக்கு நியமனம் பெற்றவர் அங்கே தங்குவதற்கு விடுதியும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் தேடுகிறார். கிடைக்காதபோது அடுத்த இடமாற்றப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குறைசொல்லி ஆவதொன்றில்லை. அங்கே தங்குவதைப் பயனுள்ளதாக்கும் கருவி எதுவும் மாகாணத்தின் கையில் இல்லை என்பதே குறை.

இனிப் பணம். மாகாண சபைகளின் சொந்த வருமானம் சொற்பம். வடக்கு பெரும்பாலும் திறைசேரியின் மானியத்தில் ஓடுகிறது. அரசியலமைப்பின் 154ற உறுப்புரையின்படி நிதி ஆணைக்குழு அதைப் பரிந்துரைக்கிறது. கருத்திற் கொள்ள வேண்டியவை என்று உறுப்புரை சொல்பவை நான்கு: மாகாணத்தின் சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை, அதிகூடிய தலா வருமானமுள்ள மாகாணத்தோடு உள்ள இடைவெளியைக் குறைக்கும் தேவை. எழுத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் மீண்டுவரும் செலவுக்கான மானியத்தின் பெரும்பகுதி இருக்கிற ஆளணியின் சம்பளமாகவே வருகிறது. விளைவு விசித்திரமானது: வைத்தியரும் தாதியரும் நிறைந்த இடத்துக்குப் பணம் நிறையச் செல்கிறது, வெற்றிடம் நிறைந்த இடத்துக்குக் குறைவாகச் செல்கிறது. நிரப்பப்படாத பதவிக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாததால் மிஞ்சுவது சேமிப்பாகவும் கருதப்படுவதில்லை. தேவையே இல்லாததுபோல் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 3,400 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். முல்லைத்தீவில் 40 பேருக்கும் குறைவு. ஒருகொடவத்தைச் சந்தியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் பேஸ்லைன் வீதியால் முச்சக்கரவண்டியிலேயே தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விடலாம். நெடுந்தீவில் அதே வலி வந்தால் கதை வேறு. பிரதேச வைத்தியசாலை நோயாளியைப் பார்த்து, யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்கும். பிறகு படகு தேட வேண்டும். இரவானால் கடற்படையின் உதவியைக் கேட்க வேண்டும். குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம், அதுவும் காற்றுக் காலம் இல்லையென்றால். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைப்பாதை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய நன்கொடையோடு 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது; தரையில் அது உயிர்காக்கும் சேவை என்பதில் ஐயமில்லை. கடல் அதன் எல்லைக்கு அப்பால். ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு என்று கணக்கெடுத்தால் நெடுந்தீவு "வினைத்திறனற்ற" வைத்தியசாலையாகத்தான் தெரியும். படகையும் எரிபொருளையும் கூடவே செல்லும் தாதியின் ஒரு நாளையும் எந்தத் தலைப்பில் எழுதுவது?

வடக்கு என்பதும் ஒன்றல்ல. இதைச் சொல்ல நம்மவர் தயங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது, 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் இருக்கிறது, தனியார் வைத்தியசாலைகளும் இருக்கின்றன. மன்னாரின் முசலிக்கும் முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானுக்கும் யாழ்ப்பாணமே ஒரு கொழும்பு. மாகாணத்துக்குள் பணமும் ஆளும் பங்கிடப்படும் முறையைக் கேள்வி கேட்காமல் திறைசேரியை மட்டும் சாடுவது பாதி வாதம்தான்.

போருக்குப் பின் வந்த உதவிகளில் பெரும்பங்கு கட்டடத்துக்கே போயிற்று. நெதர்லாந்தின் உதவியோடு வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பருத்தித்துறை வைத்தியசாலைகளுக்கென ஒரு பெரிய திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி கிளிநொச்சியில் அமைந்த மகளிர் சுகாதார நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் சத்திரசிகிச்சைக் கூடம் ஒன்றைத் திறந்த நாளிலிருந்து அதற்கு மயக்க மருந்து நிபுணர், பயிற்சி பெற்ற தாதியர், மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் ஆண்டுதோறும் வேண்டும். கொடையாளர் மூலதனத்தைத் தருகிறார். மீண்டுவரும் செலவு மாகாணத்தின் தலையில். அதை ஏற்கும் வருமானம் மாகாணத்துக்கு இல்லை. எனவே புதிய ஆளணிக்குத் திறைசேரியின் எழுத்துமூல ஒப்புதல் கிடைக்கும்வரை எந்தக் கட்டடத்துக்கும் அடிக்கல் நாட்டக் கூடாது என்பது கடுமையான விதியாகத் தோன்றினாலும் அவசியமானது.

மத்தியும் மாகாணமும் சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று சொல்வோருக்கு மலேரியா ஒழிப்பு நல்ல மறுப்பு. மலேரியாத் தடை இயக்கம் 1989இல் பரவலாக்கப்பட்டது. பிராந்திய மலேரியா அதிகாரிகள் மாகாணத்தின் கீழ் வந்தார்கள். தொழில்நுட்ப வழிகாட்டலைக் கொழும்புத் தலைமையகம் வைத்துக்கொண்டது. போரினால் சிதைந்த வடக்கு கிழக்கில் உலக நிதியத்தின் பணமும் சேர்ந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார்; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் வழங்கியது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. மன்னாரில் வீட்டுக் கிணறுகளில் பெருகியிருந்தது. கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக் குடம்பி தேடுபவர்கள் ஊரில் இல்லாமலும், இனத்தை அடையாளம் காணும் ஆய்வுகூடம் மையத்தில் இல்லாமலும் அந்தக் கண்டுபிடிப்பு சாத்தியமாகியிராது. இங்கே யாருடைய வேலை எது என்பது தெளிவாக இருந்தது. பணமும் அந்த வேலைக்கென்றே வந்தது.

தூரத்துக்கு விலை போடுவது புதுமையுமல்ல. ஸ்கொட்லாந்தின் வட மலைநாட்டிலும் தீவுகளிலும் வைத்தியர் பிழைக்க முடியாத நிலையை 1912இல் டூவர் குழு விவரித்தது. அடுத்த ஆண்டே ஆண்டுக்கு 42,000 பவுண் அரச மானியத்தோடு தனிச் சேவை ஒன்று தொடங்கியது. வைத்தியருக்கு அடிப்படை வருமானத்தை உறுதி செய்து, பயணச் செலவை அரசே ஏற்றது. நோயாளி எத்தனை மைல் தொலைவில் இருந்தாலும் கட்டணம் ஏறவில்லை. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை பிறப்பதற்கு 35 ஆண்டுகள் முந்திய ஏற்பாடு இது.

இங்கே அதற்குப் புதிய அரசியலமைப்புத் தேவையில்லை. ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை என்ற 154ற உறுப்புரையின் வாசகமே போதிய இடம் தருகிறது. மீண்டுவரும் மானியத்தில் மக்கள் அடர்த்தி, கடல் கடக்கும் தேவை, அருகிலுள்ள சத்திரசிகிச்சை வசதிக்கு உள்ள தூரம் ஆகியவற்றுக்குத் தனி நிறை கொடுக்க நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கலாம். நிரப்பப்படாத பதவிகளின் சம்பளத்தை, ஒதுக்குப்புற நிலையங்களில் பணிபுரிவோரின் படியாக மாற்றும் அதிகாரத்தை மாகாணத்துக்கு வழங்கலாம்.

வைத்தியசாலைகளை மத்தி பொறுப்பெடுத்தால் இவை எல்லாம் தானே தீரும் என்பது எதிர்வாதம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்தியின் கீழ் ஓரளவு நன்றாக இயங்குகிறதே என்பார்கள். பெரிய வைத்தியசாலைக்கு அது பொருந்தலாம். ஆனால் மாவட்ட வைத்தியசாலை கைமாறியதும் அதைச் சுற்றியுள்ள ஆரம்ப மருத்துவ நிலையங்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் மாகாணத்திலேயே அநாதரவாக நிற்பார்கள். நெடுந்தீவுக்காரருக்கு முதலில் வேண்டியவர்கள் அவர்கள்.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் முன் மக்கள் திரண்டபோது அவர்கள் கேள்வி கேட்பதற்குத் தெரிவு செய்யப்பட்ட மாகாண சுகாதார அமைச்சர் ஒருவர் இருக்கவில்லை. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் நிர்வாகம் ஆளுநரின் கையில். பணக் கணக்கைத் திருத்துவதற்கு முன்பாகவே அந்த மாகாண சபைத் தேர்தல் நடத்தப்பட வேண்டும்.