முளையில் தெரியாத பயிர்: பேஸ்போலின் ஏப்ரல் கதைகள்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று எங்கட பெரியாக்கள் சொல்லுவினம். அமெரிக்க பேஸ்போல் ரசிகர்கள் இந்தப் பழமொழியைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர்கள் இதை நம்பித்தான் சீவிக்கிறார்கள். சீசன் தொடங்கிப் பத்து நாள் ஆகியிராது. அதற்குள் வென்ற ஊரில் கிண்ணம் வைக்க அலுமாரி தேடத் தொடங்கிவிடுவார்கள். தோற்ற ஊரிலோ மனேஜரைக் கலைக்கச் சொல்லிக் கூச்சல் கிளம்பிவிடும். (பேஸ்போலில் தலைமைப் பயிற்றுநரை மனேஜர் என்றுதான் சொல்வது.)

நாங்கள் சிலபேர் கொஞ்சக் காலமாக இந்த விளையாட்டுக்குப் பின்னால் திரிகிறோம். நியூயோர்க்கில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் மட்ச் எங்களுக்கு விடியக்காலை நாலரைக்கு வரும். அந்த நேரத்தில் எழும்பியிருந்து பார்ப்பவர்கள் நிதானமாக யோசிப்பார்கள் என்று எதிர்பார்க்க ஏலாது. நாங்களும் ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லி, செப்டெம்பரில் சத்தம் போடாமல் இருந்திருக்கிறோம். அதனால்தான் பழைய ஏப்ரல்களைக் கிண்டிப் பார்க்கும் ஆசை வந்தது. கிண்டினால், பகிடியும் இருக்கிறது, பாவமும் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மேஜர் லீக் பேஸ்போலில் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு சீசனில் விளையாடுவது 162 மட்ச். 1960களின் தொடக்கத்துக்கு முன்னர் அது 154 ஆக இருந்தது. கிட்டத்தட்ட ஆறு மாதம், அநேகமாக ஒவ்வொரு நாளும் விளையாட்டுத்தான். மிக நல்ல அணியும் ஐம்பது அறுபது மட்ச் தோற்கும். படுமோசமான அணியும் ஐம்பது மட்ச் அளவில் வென்றுவிடும்.

இதை எங்களுக்குப் பழக்கமான அளவில் பார்ப்போம். இருபது ஓவர் கிரிக்கெட்டில் 120 பந்து. 162 மட்சில் முதல் பத்து மட்ச் என்பது அந்த 120 பந்தில் ஏழு பந்துக்குச் சமன். அதாவது முதல் ஓவர் முடிந்து, அடுத்த ஓவரில் ஒரு பந்து போட்டாச்சு. அந்த நேரத்தில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு ரீவியை நிறுத்திப்போட்டு, 'மட்ச் முடிஞ்சுது' என்று எழும்பிப் போறவரை என்னவென்று சொல்லுவீங்கள்? பேஸ்போலில் அவருக்குப் பெயர் ரசிகர். சில நேரம் அவருக்குப் பெயர் அணி உரிமையாளர். அதுதான் சிக்கல்.

இன்னொரு கணக்கும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மட்சையும் வெல்ல நூற்றுக்கு அறுபது வாய்ப்புள்ள, அதாவது நல்ல ஓர் அணியை எடுங்கோ. அந்த அணி முதல் ஐந்து மட்சில் நாலையோ ஐந்தையோ தோற்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்பது. ஆக, எந்தக் குற்றமும் செய்யாத அணிக்கும் இது இடைக்கிடை நடக்கத்தான் செய்யும். அதோடு ஏப்ரலில் வடக்கு நகரங்களில் குளிர். குளிரில் அடித்த பந்து அவ்வளவு தூரம் பறக்காது, விரல்களும் விறைத்துப் போகும்.

நாலாவது பந்தில் வேலை போனவர்

1988 ஏப்ரல் 4. போல்டிமோர் ஓரியோல்ஸ் சொந்த மைதானத்தில் சீசனைத் தொடங்கியது. எதிரணி மில்வோக்கி புரூவர்ஸ். முடிவு 12–0, தோல்வி. சரி, ஒரு மட்ச்தானே. அடுத்ததும் தோல்வி. அதற்கடுத்ததும் தோல்வி. ஆறு மட்ச் முடிந்தது, ஒரு வெற்றியும் இல்லை. ஏப்ரல் 12 அன்று நிர்வாகம் மனேஜரை வேலையிலிருந்து நீக்கியது. எங்கட இருபது ஓவர் கணக்கில் பார்த்தால் நாலாவது பந்து போட்டு முடிந்தவுடன் கப்டனை வெளியேற்றின மாதிரி.

அந்த மனேஜரின் பெயர் கால் ரிப்கன் சீனியர். 1957இல் அந்த அமைப்பின் கீழ்மட்ட அணியில் ஒரு விளையாட்டுக்காரராகச் சேர்ந்தவர். சிறு நகரங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, முப்பது வருடத்துக்குப் பிறகு 1987இல்தான் பெரிய அணிக்கு முழுநேர மனேஜராக வந்தார். அதே அணியில் அவரின் இரண்டு மகன்மாரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கால் ஜூனியர், பின்னாளில் தொடர்ந்து 2,632 மட்ச் விளையாடி உலகப் புகழ்பெற்றவர். இளையவர் பில்லி. ஒரே நேரத்தில் இரண்டு மகன்மாரைத் தன் அணியில் வைத்து நடத்திய முதல் மேஜர் லீக் மனேஜர் இந்த அப்பாதான். இப்போது அப்பாவுக்கு வேலை இல்லை. மகன்மார் அடுத்த நாள் அதே மைதானத்துக்குப் போகவேண்டும்.

மூன்றாம் இலக்கச் சட்டை போட்டு விளையாடிய பில்லி அதைக் கழற்றிவிட்டு ஏழாம் இலக்கத்துக்கு மாறினார். ஏழு, அப்பாவின் இலக்கம். இதைவிட ஒரு மகன் வாய்திறந்து என்னத்தைச் சொல்லவேண்டும்?

அப்பாவின் இடத்துக்கு ஃபிராங்க் ரொபின்சன் வந்தார். 1975இல் கிளீவ்லண்டில் மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மனேஜராக வரலாறு படைத்தவர். பெரிய ஆள் வந்தாச்சு, இனிச் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அணி தொடர்ந்து இன்னும் பதினைந்து மட்ச் தோற்றது. மொத்தம் 0–21. அமெரிக்கன் லீக்கில் அதுவரை மோசமான தொடக்கம் 13 தோல்விதான். ஓரியோல்ஸ் அதை உடைத்துக்கொண்டு நிற்காமல் ஓடியது. இந்த 21 இன்றைக்கும் சாதனைதான், ஆருக்கும் வேண்டாத சாதனை.

ஊர் என்ன செய்தது? உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் பொப் ரிவர்ஸ், அணி வெல்லும்வரை ஒலிபரப்பை விட்டு எழும்பமாட்டேன் என்று சபதம் எடுத்தார். மனுசன் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருப்பார். 258 மணித்தியாலம் இருக்கவேண்டி வந்தது. ஜனாதிபதி ரொனால்ட் ரேகன் ரொபின்சனுக்குத் தொலைபேசி எடுத்து ஆறுதல் சொன்னார். நாட்டின் தலைவர் துக்கம் விசாரிக்கும் அளவுக்கு ஓர் அணி தோற்றிருக்கிறது, யோசித்துப் பாருங்கோ.

ஏப்ரல் 29, சிக்காகோவில் வைட் சொக்ஸ் அணியை 9–0 என்று வென்றார்கள். அடுத்த நாளே திரும்பவும் தோற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மே 2ஆம் திகதி 1–23 என்ற கணக்கோடு ஊர் திரும்பினபோது, மைதானத்தில் காத்திருந்தவர்கள் 50,402 பேர். கல்லெறிய அல்ல, கைதட்ட வந்தவர்கள். அன்றைக்கு அணியும் வென்றது. புதிய மைதானத்துக்கான ஒப்பந்தம் முடிந்த செய்தியும் அதே இரவில்தான் அறிவிக்கப்பட்டது. 1992இல் திறக்கப்பட்ட கம்டன் யார்ட்ஸ் மைதானம் அதுதான்.

மனேஜரை மாற்றினது சரியா பிழையா என்று எங்களிடம் கேட்டால், அந்தப் பதினைந்து தோல்வியைத்தான் காட்டுவோம். அணி முந்தைய வருடமே 95 மட்ச் தோற்ற அணி. நோய் எங்கேயோ இருக்க, மருந்து வேறெங்கேயோ பூசப்பட்டது.

இலவச பேர்கரும் தீயணைப்பு நிலையமும்

ஓரியோல்ஸை முதல் நாளில் 12–0 என்று அடித்த மில்வோக்கிக்கும் ஒரு கதை இருக்கிறது, அது தலைகீழான கதை. முந்தைய வருடம், 1987இல், அந்த அணி முதல் 13 மட்சையும் தொடர்ந்து வென்றது. மனேஜர் ரொம் ட்ரெபல்ஹோர்ன்.

அந்த நகரத்தில் ஜோர்ஜ் வெப் என்றொரு சாப்பாட்டுக்கடைச் சங்கிலி. உள்ளூர் அணி தொடர்ந்து 12 மட்ச் வென்றால் எல்லாருக்கும் இலவச பேர்கர் என்று நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்க நடக்கப்போகுது என்ற தைரியம். ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு. பன்னிரண்டாவது மட்சின் கடைசிச் சுற்றில் மில்வோக்கி 4–1 என்று பின்னால். கடைக்காரருக்கு நிம்மதி வந்திருக்கும். ரொப் டீர் ஒரு ஹோம் ரன் அடித்தார், மூன்று ஓட்டம், சமநிலை. டேல் ஸ்வீம் இன்னொன்று அடித்தார், 6–4, வெற்றி. கடை வாக்கைக் காப்பாற்றியது. ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேர்கர்கள் இலவசமாகப் போயின.

பிறகு? 20 வெற்றி 3 தோல்வி என்று பறந்த அணி, மே மாதத்தில் தொடர்ந்து 12 மட்ச் தோற்றது. (தோல்விக்கு இலவச பேர்கர் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.) கடைசியில் 91–71, பிரிவில் மூன்றாமிடம்.

ஏழு வருடம் கழித்து, 1994இல், அதே ட்ரெபல்ஹோர்ன் சிக்காகோ கப்ஸ் அணிக்கு மனேஜர். ஏப்ரல் 4, முதல் மட்ச். ரஃபி ரோட்ஸ் என்ற, பெரிதாக ஆருக்கும் தெரியாத ஓர் இளைஞர், நட்சத்திர எறிவாளர் ட்வைட் கூடனின் பந்துகளில் தன் முதல் மூன்று முறையும் ஹோம் ரன் அடித்தார். இந்த வேகத்தில் போனால் வருடத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்க்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அந்த முழுச் சீசனிலும் அவர் அடித்தது மொத்தம் எட்டு. அந்த மட்சிலும் கப்ஸ் 12–8 என்று தோற்றது.

அது மட்டுமில்லை. சொந்த மைதானத்தில் முதல் 12 மட்சையும் கப்ஸ் தோற்றது. 13–0 தொடக்கம் கண்ட அதே மனிதர், இப்போது வீட்டில் 0–12. இன்றைக்கும் தோற்றால் மைதானத்துக்கு முன்னாலுள்ள தீயணைப்பு நிலையத்தடியில் நின்று ரசிகர்களோடு கதைக்கிறேன் என்றார். தோற்றது. சொன்னபடி போய் நின்று, கோபப்பட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். நெருப்பு அணைக்கப் பொருத்தமான இடந்தான். அந்த வருடக் கடைசியில் அவரின் வேலையும் போனது.

ரோட்ஸின் கதை அங்கே முடியவில்லை. 1996இல் யப்பானுக்குப் போனார். 2001இல் ஒரே சீசனில் 55 ஹோம் ரன் அடித்து, சடஹாரு ஓவின் 1964ஆம் ஆண்டுச் சாதனையைச் சமன் செய்தார். யப்பானில் மொத்தம் 464. அந்த ஏப்ரல் 4 பொய் சொல்லவில்லை போல. நாடுதான் மாறிப்போச்சு.

ஜோ டொரேயின் இரண்டு ஏப்ரல்

1982இல் அட்லாண்டா பிரேவ்ஸும் 13–0 என்று தொடங்கியது. மனேஜர் ஜோ டொரே. கோடை நடுவில் அதே அணி 21 மட்சில் 19ஐத் தோற்றது. தட்டுத்தடுமாறி ஒரேயொரு மட்ச் வித்தியாசத்தில் பிரிவை வென்று, அடுத்த சுற்றில் சென்ற் லூயிஸிடம் 3–0 என்று போனது.

1998இல் டொரே நியூயோர்க் யாங்கீஸில். முதல் மூன்றும் தோல்வி, பிறகு 1–4. டொரேயின் வேலை போகப்போகுது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. நல்லகாலம், இந்தமுறை ஆரும் அவசரப்படவில்லை. அந்த அணி 114 மட்ச் வென்று வேர்ல்ட் சீரிஸையும் எடுத்தது. வரலாற்றின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று என்று இன்றைக்கும் பேசப்படுகிறது.

அப்ப ஏப்ரல் எப்பவும் பொய்யா?

இல்லை. அப்படிச் சொன்னால் நாங்களும் பெருக்கிப் பார்க்கிறவர்கள் மாதிரித்தான். 1984இல் டெட்ரோயிட் டைகர்ஸ் முதல் 40 மட்சில் 35ஐ வென்றது, கடைசியில் சம்பியனும் ஆனது. 2024இல் சிக்காகோ வைட் சொக்ஸ் 3–22 என்று தொடங்கி, 121 தோல்வியோடு முடித்தது. 1900க்குப் பின் ஒரே சீசனில் இத்தனை தோல்வி வேறெந்த அணிக்கும் இல்லை.

ஆனால் 2019இல் வொஷிங்டன் நஷனல்ஸ் முதல் 50 மட்சில் 31ஐத் தோற்றது. அதே மனேஜர் டேவ் மார்ட்டினஸை வைத்துக்கொண்டு அதே வருடம் சம்பியன் ஆனது. 2023இல் ரம்பா பே ரேய்ஸ் 13–0 என்று தொடங்கியது. ஒக்டோபரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் இரண்டே மட்சில் வெளியேறியது. கிண்ணம் டெக்சஸுக்கு.

ஆக, ஏப்ரல் சிலநேரம் உண்மை சொல்லும், சிலநேரம் பொய் சொல்லும். எது எது என்று ஏப்ரலில் தெரியாது. புதுவருட ராசிபலன் மாதிரி, வாசிக்கலாம், சிரிக்கலாம். அதை வைத்து ஒருவரின் முப்பது வருட உழைப்புக்குத் தீர்ப்பெழுதக் கூடாது.

கால் ரிப்கன் சீனியருக்கு என்ன நடந்தது? 1989இல் அதே போல்டிமோர் அவரைத் திருப்பிக் கூப்பிட்டது, மூன்றாம் பேஸ் பயிற்றுநராக. ஆறு மட்சில் தன்னைக் கலைத்த இடத்துக்கு மனுசன் திரும்பிப் போனார். மனேஜராக ஃபிராங்க் ரொபின்சனே இருந்தார். முந்தைய வருடம் 107 மட்ச் தோற்ற அணி, அந்த வருடம் 87 வென்றது. பிரிவுக்கான போட்டி கடைசி வார இறுதிவரை போனது. வெறும் இரண்டு மட்ச் பின்தங்கி இரண்டாமிடம். சிறந்த மனேஜர் விருது ரொபின்சனுக்கு.

முளையிலே ஒண்டும் தெரியவில்லை. தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் விளைஞ்சது.