நிலக்கரி மேல்வரி (இந்தியா)

நிலக்கரி மேல்வரி என்பது இந்தியாவில் 2010 முதல் 2025 வரை நிலக்கரி, பழுப்பு நிலக்கரி ஆகியவற்றின் மீது எடையின் அடிப்படையில் விதிக்கப்பட்ட வரியாகும். வெப்பம் பெற எரிக்கப்படும் எரிபொருட்கள் மீதான கார்பன் வரிக்கு இந்தியாவில் மிக நெருங்கிய எடுத்துக்காட்டு இதுவே.

கார்பன் வரியின் அடிப்படை

எரிபொருள் எரியும்போது அதிலுள்ள கார்பன் ஆக்சிசனுடன் சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக (கரியமில வாயு) மாறுகிறது. 12 கிலோ கார்பன் முழுமையாக எரிந்தால் 44 கிலோ கார்பன் டைஆக்சைடு உண்டாகும். ஆகவே புகைபோக்கியில் வாயுவை அளக்கத் தேவையில்லை. விற்கப்படும் எரிபொருளின் அளவைக் கொண்டே வரியைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 14.2 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகும். வெளியேற்றத்தின் மீது டன்னுக்கு 1,000 ரூபாய் வரி எனக் கொண்டால், உருளையின் விலை ஏறத்தாழ 42 ரூபாய் உயரும்.

இத்தகைய வரியை முதலில் 1990இல் பின்லாந்து விதித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2019 முதல் 2025 மார்ச் வரை, வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுவின் மீதும் கூட்டரசு இத்தகைய கட்டணத்தை வசூலித்தது. அதன் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திருப்பி அளிக்கப்பட்டது.

வீத மாற்றங்கள்

இந்திய மேல்வரி, தூய ஆற்றல் மேல்வரி என்ற பெயரில் 2010 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டன்னுக்கான வீதம் பின்வருமாறு உயர்ந்தது:

* 2010 - 50 ரூபாய்
* 2014 - 100 ரூபாய்
* 2015 - 200 ரூபாய்
* 2016 - 400 ரூபாய்

2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) வந்தபோது இம்மேல்வரி நீக்கப்பட்டு, அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரியாக வசூலிக்கப்பட்டது. ஒரு டன் இந்திய நிலக்கரி தரத்தைப் பொறுத்துச் சுமார் ஒன்றரை டன் கார்பன் டைஆக்சைடை வெளியிடும் எனக் கொண்டால், இவ்வீதம் டன் வெளியேற்றத்துக்கு ஏறத்தாழ 270 ரூபாய் ஆகும்.

சென்னைப் புறநகரில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வீடுகளைச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் உலோகங்களைப் பதப்படுத்தும் உலைகளுக்கு வெப்பம் இன்றியமையாதது. உலை எண்ணெய், டீசல், எரிவாயு ஆகியவற்றுக்கு இம்மேல்வரி பொருந்தவில்லை. எனவே எண்ணெய் உலை வைத்திருந்தவர் தம் எரிபொருளுக்கு இதைச் செலுத்தவில்லை. மின் உலை வைத்திருந்தவரோ, வட சென்னை, வல்லூர் போன்ற அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் செலவு வழியாக மறைமுகமாக இதன் சுமையை ஏற்றார். எல்லா எரிபொருட்களையும் கார்பன் அளவால் ஒப்பிடும் வரியாக இது அமையவில்லை.

நிதியின் பயன்பாடு

வருவாயைத் தூய ஆற்றல் திட்டங்களுக்குச் செலவிடத் தேசிய தூய ஆற்றல் நிதியம் அமைக்கப்பட்டது. 2010-11 முதல் 2017-18 வரை சுமார் 86,440 கோடி ரூபாய் வசூலானது. அதில் ஏறத்தாழ 29,600 கோடி மட்டுமே நிதியத்துக்கு மாற்றப்பட்டது. திட்டங்களுக்குச் செலவானது ஏறத்தாழ 15,900 கோடி.

நீக்கம்

2025 செப்டம்பர் 22 அன்று நிலக்கரி மீதான இழப்பீட்டு மேல்வரி நீக்கப்பட்டு, ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இவ்வரி எடையைச் சாராமல் விலையைச் சார்ந்தது. ஆகவே மலிவான, தரம் குறைந்த நிலக்கரிக்கு டன்னுக்கு விழும் வரி குறைவு. மேலும், ஜிஎஸ்டிக்கு உட்பட்ட பொருளைத் தயாரிக்கும் தொழிலகம், நிலக்கரிக்குச் செலுத்திய வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அனல்மின் நிலையங்களுக்கு இக்கழிவு கிடையாது. ஆகவே வரி வீதம் உயர்ந்தபோதும், நிலக்கரியை நேரடியாக எரிக்கும் பல தொழிலகங்களுக்கு அதைக் குறைப்பதற்கான வரித் தூண்டுதல் பெரிதும் இல்லாமற் போகிறது.